இறங்கி ஏறுகிறவர்கள்

ஒரு வாரப் பயணம் முடிந்து கப்பல் காலையில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கட்டப்பட்டு, அன்று சாயங்காலமே அடுத்த வாரப் பயணத்துக்குப் புறப்படுகிற நாளை நாங்கள் மாற்று நாள் என்று சொல்வோம். அன்று பழைய பயணிகள் எல்லாரும் காலைச் சாப்பாட்டோடு இறங்கிவிட வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் புதியவர்கள் ஏறத் தொடங்கிவிட வேண்டும், இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, கண்ணாடி துடைத்து, முந்தின வாரம் அங்கே ஒருவர் சிரித்ததற்கோ அழுததற்கோ அடையாளம் இல்லாமல் ஆக்கிவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கப்பல் ஒரே ஒரு நிமிஷமாவது பயணி என்று ஒருவர்கூட இல்லாமல் முழுசாகக் காலியாக வேண்டும்.

அந்தக் காலியாவதற்குப் பெயர் ஜீரோ. நடைபாலத்தின் வாசலில் காவல் அதிகாரி குருங் நிற்பார். நேபாளத்துக்காரர், பட்டாளத்தில் இருந்தவர், சிரித்தாலும் உடம்பு அசையாது. இறங்குகிற ஒவ்வொருவரும் அட்டையை மெஷினில் காட்ட, மெஷின் ஒரு சத்தம் கொடுத்து, கப்பலில் இருக்கிறவர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளும். அதே நேரத்தில் கேபின்களுக்கு நடுவே ஓடுகிற ஒவ்வொரு நடையிலும் கேபின் பார்க்கிற பையன்கள் அறைகளைத் திறந்து பார்த்து, வாக்கி டாக்கியில் 'க்ளியர்' என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். கடைசியில் மெஷினில் ஜீரோ விழுந்ததும் குருங் மைக்கைப் பிடித்து 'ஜீரோ, ஜீரோ, ஜீரோ' என்று மூன்று தடவை சொல்வார். எஞ்சின் அறை முதல் சமையல்கட்டு வரை வேலைக்காரர்கள் எல்லாரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுவோம். ஏன் தட்டுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லாதவரை புதுப் பயணி ஒருவர்கூடக் கால் வைக்க முடியாது.

பயணிகளில் சிலர் அடுத்த வாரத்துக்கும் சேர்த்தே சீட்டு வாங்கியிருப்பார்கள். அவர்களுடைய உடுப்புகள் கேபின் அலமாரியில் தொங்கியபடியே கிடக்கும், செருப்பு கட்டிலடியில் கிடக்கும், ஆனாலும் அவர்களும் இறங்கித்தான் ஆக வேண்டும். டிரான்சிட் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக இறங்கி, கரையிலுள்ள கூடத்தில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். ஜீரோ சொன்ன பிறகு முதல் ஆட்களாகத் திரும்ப ஏறுவார்கள். ஈப்போவில் இருந்து வந்த தனபாக்கியம் அம்மா இப்படி வாரா வாரம் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தவர். பிரசவம் பார்க்கிற நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டுக் கப்பலிலேயே குடியிருந்தார். நான் கப்பலில் சேர்ந்ததிலிருந்து அந்த வாரம் வரைக்கும், டிரான்சிட் அட்டையோடு இறங்கியவர் எவரும் திரும்ப ஏறாமல் போனதில்லை. இந்தக் கதை புரிய இது ஒன்று தெரிந்தால் போதும்.

எனக்கு லாண்டரியில் வேலை. ஐயம்பெருமாள் என்ற என் பெயர் வேற்று நாட்டுக்காரர்கள் வாயில் நுழையாது. தமிழ்ப் பையன்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டதைக் கேட்டு எல்லா நாட்டுக்காரர்களும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். மாற்று நாளில் மேல் தளங்களின் அழுக்கு விரிப்பு முழுவதும் குழாய் வழியாக என் தலைமேல் வந்து விழும். கப்பலின் அடிவயிற்றில் வெள்ளை மலைபோலக் குவிந்து கிடக்கும் அதைப் பார்த்தால், இத்தனை பேர் இத்தனை நாள் தூங்கினார்களா என்று அலுப்பாக இருக்கும்.

ததேயுஸ் மூன்றாம் தளத்து நடையின் கேபின் பையன். பையன் என்று சொன்னாலும் முப்பது தாண்டியவன். கன்னியாகுமரிக் கடற்கரையில் சிலுவைத்துறை அவன் ஊர். முந்தின வருஷத்துப் புயலில் அவன் அண்ணன் பெலவேந்திரன் போன வள்ளம் திரும்பவில்லை. ஆளும் வரவில்லை, உடம்பும் வரவில்லை, வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. உடம்பு கிடைக்காமல் செத்தவன் என்று எழுத முடியாது, ஏழு வருஷம் போக வேண்டும் என்றார்கள் அலுவலகத்தில். ஆத்துமப் பூசை வைத்துவிடலாம் என்றார் பங்குச் சாமியார். பெலவேந்திரனின் பெண்டாட்டி மெற்றில்டா இரண்டு இடத்திலும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"ஆள் இல்லைன்னு நான் சொன்னேனா?"

புயல் அடித்த நாளில் ததேயுஸ் இதே நடையில் ஒரு கேபினுக்குள் உட்கார்ந்து, பயணிகளின் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத் துண்டைக் குரங்குபோல மடித்து விளக்கில் தொங்கவிட்டுக் கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் குரங்கு மடிப்பதில்லை. யானை மடிப்பான், அன்னம் மடிப்பான், குரங்கு கேட்டால் தெரியாது என்பான்.

அந்த மாற்று நாளில் பயணிகள் முக்கால்வாசிப் பேர் இறங்கியிருந்த நேரத்தில் லாண்டரி போன் அடித்தது. ததேயுஸ்தான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் துண்டு கூடுதலா வேணும்."

"காலையில கொடுத்தது என்னலே ஆச்சு?"

"மூலை கேபின்ல கடல் கெடக்கு."

"எம்புட்டு?"

"கண்ணு எட்டுன மட்டும் கெடக்கு."

தள்ளுவண்டியில் துண்டுகளை அடுக்கிக்கொண்டு மேலே போனேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசற்படி வரைக்கும் நடையின் கம்பளம் உலர்ந்திருந்தது, வாசற்படியைத் தாண்டியதும் தண்ணீர் நின்றது. அது வெளியே வழியவில்லை. கட்டில் இருந்த இடத்தில் அலை எழுந்து விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் இருந்த சுவரைக் காணவில்லை, அங்கே மழை வரப்போகிற வானம் தாழ இறங்கித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூரை விளக்கு மட்டும் அணைக்க ஆளில்லாமல் எரிந்தது. எல்லாத் துறைமுகக் கடலிலும் டீசல் வாடை உண்டு, இதில் அது இல்லை. காய்கிற நெத்திலியின் வாடை நடை முழுக்க அடித்தது. நான் துண்டுகளைப் பார்த்தேன், கடலைப் பார்த்தேன், துண்டு பற்றாது என்று தோன்றியது.

"இது எங்க கடலு, அண்ணாச்சி," என்றான் ததேயுஸ். "தண்ணியில செம்மண்ணு கலந்த நெறத்தப் பாருங்க. எங்க ஊர்ல மட்டுந்தான் இந்த நெறம்."

"அங்க தூரத்துல மெதக்குதே, அது என்னடே?"

"கன்னாசு."

எண்ணெய் ஊற்றி வைக்கிற நீல பிளாஸ்டிக் கன்னாசு அது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் கிடந்தான். தூரத்தில் கட்டைவிரல் அளவுதான் தெரிந்தான். ததேயுஸ் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவினான். கடலில் ஒரு வள்ளத்துக்காரன் இன்னொரு வள்ளத்துக்காரனைக் கூப்பிடுகிற அந்தக் கூவலுக்குச் சொல் கிடையாது. அலைகளுக்கு மேலாக அதேபோல ஒரு கூவல் திரும்பி வந்தது. ததேயுஸ் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எனக்க அண்ணன்," என்றான்.

முதலில் வந்தது குழாய் வேலைக்காரன். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, இது நம் குழாயில் வருகிற தண்ணீர் இல்லை, அதனால் இது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டான். ஆனால் போகவில்லை. பிறகு கேபின் பிரிவின் தலைவி மிஸ் கொராசோன் வந்தார். பிலிப்பைன்ஸில் ஏதோ தீவுக்காரர், மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாலே பையன்களுக்கு வியர்க்கும். அவர் வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கேபினுக்கு யார் வருகிறார்கள்?"

"கல்யாணம் ஆன புது ஜோடி மேடம். பலூன் கட்டச் சொல்லியிருக்காங்க."

"எப்போது காயும்?"

"ஆள் இருக்காரு, மேடம். எனக்க அண்ணன்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். "உன் அண்ணனுக்கு நீச்சல் தெரியுமா?"

"ஒரு வருஷமா நீந்துதாரு."

மிஸ் கொராசோன் வாக்கி டாக்கியை எடுத்து, மூன்றாம் தளத்துப் பையன்களில் சும்மா இருக்கிறவர்கள் எல்லாரும் மூலைக் கேபினுக்கு வரவேண்டும் என்றார். மாற்று நாளில் சும்மா இருக்கிற பையன் என்று யாரும் கிடையாது, ஆனால் எல்லாரும் வந்தார்கள். இந்தோனேசியாக்காரன் ஒருவன் மேல்தளத்தில் இருந்து மிதவை வளையத்தைக் கொண்டுவந்து வீசினான், அலை அதை அவன் காலடிக்கே திருப்பிக் கொடுத்தது. சமையல்கட்டில் இருந்து ஒருவர் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துவந்து, ஆள் கரையேறினால் முதலில் கஞ்சிதான் கொடுக்க வேண்டும், சோறு கொடுத்தால் வயிறு தாங்காது என்று அவரே சொல்லிக்கொண்டு திரும்பிப் போய்க் கஞ்சி எடுத்துவந்தார். ததேயுஸ் இரண்டு தடவை தண்ணீரில் குதித்தான். இரண்டு தடவையும் நீரோட்டம் அவனைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல வாசற்படிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டது.

அப்போதுதான் நான் விரிப்புகளை நினைத்தேன். நினைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, அது என் கையில் இருந்த ஒரே பொருள். கீழே இருந்த வெள்ளை மலையைப் பையன்கள் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக மேலே ஏற்றினார்கள். நடையில் வரிசையாக உட்கார்ந்து, தேன்நிலவுக்காரர்கள் படுத்த விரிப்பு, சண்டை போட்டுக்கொண்டு முதுகு காட்டிப் படுத்தவர்களின் விரிப்பு, காய்ச்சலில் வியர்த்த விரிப்பு, குழந்தை நனைத்த விரிப்பு என்று பார்க்காமல் முனையோடு முனை முடிந்தோம். மிஸ் கொராசோனும் முடிச்சுப் போட்டார். அவருடைய முடிச்சுதான் எல்லாவற்றிலும் இறுக்கமாக இருந்தது. முனையில் வளையத்தைக் கட்டி ததேயுஸ் வீச, அந்த வெள்ளைக் கயிறு பாம்பு போல நெளிந்து அலைமேல் போய், போய், கட்டைவிரல் அளவு மனுஷனின் பக்கத்தில் விழுந்தது. அவன் கன்னாசை விட்டுவிட்டு அதைப் பிடித்தான்.

நாங்கள் இழுத்தோம். ஒரு விரிப்பு நீளம் வந்தால் அலை அரை விரிப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஆனாலும் வந்தான். கட்டைவிரல் கை அளவானது, கை அளவு ஆள் அளவானது, முகத்தில் தாடி தெரிந்தது, தாடியில் உப்புப் பூத்திருந்தது தெரிந்தது.

ததேயுஸ் போனை எடுத்து ஊரில் இருந்த அண்ணிக்கு அடித்து, சத்தம் எங்களுக்கும் கேட்கும்படி என் தள்ளுவண்டியின்மேல் வைத்தான்.

"மைனி, அண்ணன் இருக்காரு. கயிறு போட்டிருக்கோம். வந்துட்டு இருக்காரு."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு சேவல் கூவியது.

"மெலிஞ்சிருக்காரா?" என்றாள் மெற்றில்டா.

"தாடி வளத்திருக்காரு."

"தாடி அவருக்கு நல்லா இருக்காதே," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

எங்கள் வாக்கி டாக்கிகள் கத்தத் தொடங்கியிருந்தன. பயணிகள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், டிரான்சிட் ஆட்களும் கரைக்குப் போய்விட்டார்கள், ஆனால் மெஷின் இரண்டில் நின்றுவிட்டது. குருங் தானே மேலே ஏறி வந்தார். இரண்டில் ஒன்று யார் என்று அவருக்குத் தெரியும். தனபாக்கியம் அம்மா கழுத்தில் டிரான்சிட் அட்டையோடு, தன் கேபினுக்கு எதிரே, நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்கள் இறங்கியிருக்க வேண்டும்."

"பிரசவம் பாதியில இருக்கிறப்ப நான் எந்திரிச்சுப் போனதே இல்ல, குருங்."

குருங் மூலைக் கேபினுக்குள் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டார். "அப்படியென்றால் இரண்டாவது ஆள் இவர்," என்றார்.

"கணக்குல வந்துட்டாரா?" என்று கேட்டான் ததேயுஸ். அவன் முகம் விளக்கு ஏற்றியதுபோல ஆனது. ஒரு வருஷமாக எந்த அலுவலகமும் இருக்கிறான் என்றோ இல்லை என்றோ எழுதாத அண்ணனை, ஒரு மெஷின் இருக்கிறவர்களில் ஒருவராக எண்ணியிருந்தது.

"வந்துவிட்டார். அதுதான் தொந்தரவு."

கரையில் கூடம் நிறையப் புதுப் பயணிகள் பெட்டிகளோடு நின்றார்கள். எங்கள் இடத்துக்கு வர வேண்டிய அடுத்த கப்பல் வெளியே காத்துக் கிடந்தது. குறித்த நேரத்துக்குள் ஜீரோ ஆகவில்லை என்றால் ஆளேற்ற முடியாது, இடத்தைக் காலி செய்ய வேண்டும், அந்த வாரப் பயணமே இல்லாமல் போகும். கேப்டன் மேலேயிருந்து வாக்கி டாக்கியில் பேசினார். நாங்கள் யாரும் அவரை நேரில் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் மரியாதையான குரல். நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார். தனக்கு வருத்தம்தான் என்றார். பம்ப் வைத்து அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள் என்றார்.

எஞ்சின் அறை ஆட்கள் நால்வர் ரப்பர்க் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, எங்கள் கண்ணைப் பார்க்காமல் வாசல் ஓரத்தில் நின்றார்கள்.

"ஆளோட சேத்து உறிஞ்சவா போறீங்க?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு உத்தரவு, அண்ணாச்சி."

"கொஞ்சம் பொறுங்கடே. ஆள் பக்கத்துல வந்தாச்சு."

உண்மையிலேயே வந்துவிட்டான். பேசினால் கேட்கும் தூரம். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். ஆனால் அந்த இடத்துக்கு வந்தபின் நாங்கள் எவ்வளவு இழுத்தும் அவன் நகரவில்லை. கயிறு விறைத்துப்போய், முடிச்சுகள் முனகத் தொடங்கின.

"லேய் ததேயு," என்று கூப்பிட்டான் பெலவேந்திரன். குரல் கரகரத்தது. "என்ன ஒடுப்புலே இது. பேண்டு வாத்தியக்காரன் மாரி இருக்க."

"கப்பல் ஒடுப்பு, அண்ணே."

"மெற்றில்டா எப்பிடி இருக்கா?"

"போன்ல இருக்கா."

"கேக்குதா?" என்று அவன் வாசலைப் பார்த்துக் கத்தினான். "எட்டீ, கேக்குதா?"

"கேக்குது," என்றாள் அவள், என் தள்ளுவண்டியின்மேல் இருந்து. "நீரு கயித்த விடாதேயும்."

எஞ்சின் அறை ஆட்களில் ஒருவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். குருங்கின் வாக்கி டாக்கி மறுபடியும் கத்தியது. இனி நேரம் இல்லை என்றது, பம்பைப் போடு என்றது.

அப்போது தனபாக்கியம் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். இதைச் சொன்னதற்காகப் பிறகு எத்தனையோ நாள் அவர் சாப்பிடாமல் தட்டைத் திருப்பி அனுப்பினார், ஆனால் அப்போது அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் மருந்துபோல இருந்தது.

"இதுக்கு ஏன் இவ்ளோ சண்டை? நான் எப்படிப் போய்ட்டு வரேன்? எறங்கணும், ஏறணும், அவ்ளோதான்லா. ஜீரோன்னு சொல்ற வரைக்கும் அவர் கொஞ்சம் வெளிய நிக்கட்டும். சொன்னதும் நானும் ஏறுவேன், அவரும் ஏறட்டும். குருங், அவருக்கும் ஒரு அட்டை போட்டுக் குடு."

பம்ப் வேண்டியதில்லை, பயணம் நின்றுபோகாது, அவனும் போய்விட மாட்டான். இப்படி எல்லாருக்கும் சரியாக வருகிற வழி ஒன்று இருந்தும் முதலிலேயே தோன்றவில்லையே என்றுதான் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. குருங் சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்று டிரான்சிட் அட்டையை எடுத்து, ததேயுசிடம் எழுத்துக் கேட்டு, பெலவேந்திரன் என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடினார். கப்பலில் அந்த அட்டை உள்ள ஆளை ஏற்றாமல் விடக்கூடாது என்பது சட்டம். குருங்கைத் தவிர வேறு யார் எழுதியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ததேயுஸ் அட்டையை ஒரு சோப்புப் பெட்டியில் வைத்துத் தண்ணீரில் தள்ளிவிட்டான். அலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது. பெலவேந்திரன் எடுத்துப் பார்த்தான்.

"அண்ணே, இத கழுத்துல போட்டுக்க. கயித்த கொஞ்சம் விட்டுட்டு வெளிய நில்லு. ஜீரோன்னு சொல்லுவாங்க. சொன்ன ஒடனே திரும்ப கயிறு போடுதேன்."

"விடணுமா?"

"கொஞ்ச நேரந்தான்."

"விடாண்டாம்னு சொல்லு," என்றாள் மெற்றில்டா போனில். "ததேயு, அவர விடாண்டாம்னு சொல்லு."

"மைனி, இது கப்பல் மொற. இந்த அட்ட உள்ள ஆளு எறங்குனா ஏறித்தான் ஆவணும். ஏறாம போன ஆளே கெடையாது. அண்ணாச்சிக்கிட்ட கேளுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் அதுவரை கண்டது அதுதான், அதனால் போனைப் பார்த்துச் சொன்னேன். "ஆமாம்மா. எல்லாரும் ஏறிருவாங்க."



பெலவேந்திரன் கடலில் இருந்தபடியே தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சிறுவயதில் இருந்து வள்ளத்தில் வலை போடு என்றதும், எடு என்றதும், கயிற்றை விடு என்றதும் அவன்தான், கேட்டது ததேயுஸ்தான். அன்றைக்கு முதல்தடவையாக மாறி நடந்தது.

"நீ சொல்லுத," என்றான். "செரி."

தனபாக்கியம் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாங்க தம்பி, ஒண்ணா போய் ஒண்ணா வருவோம்," என்று கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டு லிப்டுக்குப் போனார். அவர் நடைபாலத்தில் இறங்கியிருப்பார் என்று நாங்கள் கணக்கிட்ட நேரத்தில், பெலவேந்திரன் கையில் சுற்றியிருந்த விரிப்பை ஒரு சுற்று அவிழ்த்தான், இன்னொரு சுற்று அவிழ்த்தான், விட்டான். ததேயுஸ் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனான். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் 'க்ளியர்' என்று சொன்னான்.

ஜீரோ, ஜீரோ, ஜீரோ என்றது ஒலிபெருக்கி. கப்பல் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. பழக்கத்தில் என் கைகளும் இரண்டு தடவை தட்டிவிட்டன. அதற்குள் ததேயுஸ் கயிற்றை வாரிச் சுருட்டி வீசியிருந்தான். வளையம் சுவரில் மோதிக் கட்டிலின்மேல் விழுந்தது.

கட்டில் இருந்தது. அலமாரி இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன் ஒன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றது. கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம்கூட இல்லை. விரிப்புகளில் மட்டும், அவன் கை சுற்றியிருந்த இடத்தில், உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது.

"வருவாரு," என்றான் ததேயுஸ். "இப்பதான் ஜீரோ சொல்லியிருக்கு. வரிசையில நிப்பாரு."

டிரான்சிட் ஆட்கள் ஏறினார்கள். தனபாக்கியம் அம்மா முதல் ஆளாக வேகமாக நடந்து வந்து, "ஏறிட்டாரா?" என்று கேட்டார். எங்களைப் பார்த்தார், கேபினைப் பார்த்தார். தன் கழுத்து அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் நடைபாலத்துக்கே போய் நின்றுகொண்டார். பிறகு புதியவர்கள் ஏறத் தொடங்கினார்கள். கோயம்புத்தூர்ப் புது ஜோடி பலூனைத் தேடிக்கொண்டு அந்த நடைக்கு வந்தது. மிஸ் கொராசோன் அவர்களை வழியிலேயே மறித்து, உங்களுக்கு அதிர்ஷ்டம், இதைவிடப் பெரிய கேபின் என்று சிரித்துக்கொண்டே மேல்தளத்துக்குக் கூட்டிப்போனார். ததேயுஸ் கதவை விரியத் திறந்து வைத்து, வாசற்படியில் கால்மாட்டில் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றான். யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவன் பார்க்க வேண்டிய மற்ற அறைகளை மற்றப் பையன்கள் பங்கு போட்டுப் பார்த்தார்கள். எஞ்சின் அறை ஆட்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டு, வந்த வழியே சத்தமில்லாமல் போனார்கள்.

போன் இன்னும் தள்ளுவண்டியின்மேல்தான் இருந்தது. மெற்றில்டா வைக்கவே இல்லை. அந்தப் பக்கம் இப்போது நிறையப் பேருடைய சத்தம் கேட்டது, ஊர் கூடிவிட்டது போலிருந்தது. யாரோ பாட்டாக ஜெபமாலை சொல்லத் தொடங்க, வேறு யாரோ, இது சாவு வீடு இல்லை நிறுத்து என்று அதட்டினார்கள்.

"ஏறியாச்சா?" என்று கேட்டாள்.

ததேயுஸ் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். "ஏறிட்டு இருக்காவ, மைனி. கூட்டம் கூடுதல்."

குருங் நடைபாலத்தை எடுக்க விடாமல், மெஷின் கோளாறு என்று சொல்லி, தன்னால் முடிந்தவரை வைத்திருந்தார். பட்டாளத்துக்காரர் பொய் சொல்லி அன்றுதான் நான் கேட்டேன். பிறகு அதையும் எடுத்தார்கள். வடங்களை அவிழ்த்தார்கள். கப்பல் கரையை விட்டு நகர்கிறது என்பதை எங்கள் கால்கள்தான் முதலில் அறியும், மூலைக் கேபின் ஜன்னலில் கிரேன் மெதுவாகப் பக்கவாட்டில் போனது.

"ஏறியாச்சா ததேயு? சொல்லு."

"இல்ல மைனி. இன்னும் ஆள் ஏறிட்டுத்தான் இருக்கு. வரிசை பெரிசு."

கிரேன்கள் போயின, கட்டிடங்கள் போயின, நங்கூரமிட்டுக் கிடந்த கப்பல்களும் போயின. ஜன்னலில் வெறும் தண்ணீர் மட்டும் நின்றது, செம்மண் கலக்காத, பச்சையான, யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீர். அவ்வளவு தூரம் வந்த பிறகு எந்தப் போனுக்கும் சிக்னல் எட்டாது. ததேயுசின் போனில் மெற்றில்டாவின் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அவன் அதைக் காதில் இருந்து இறக்கவில்லை. நான் விரிப்புகளின் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்து வண்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் துவைத்து முடிக்க வேண்டியது நிறைய இருந்தது.

"ஏறிட்டு இருக்காவ, மைனி," என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "பொறுங்க. இன்னும் ஏறிட்டுத்தான் இருக்காவ."